இராசாத்தி மச்சாளுக்கு வந்த வருத்தம்

என் அண்ணன் யோகராசாவைக் கட்டியவள் இராசாத்தி. எனக்கு மச்சாள், அவளுக்கு நானும் மச்சாள். எங்கள் ஊரான தேற்றாத்தீவில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். ஆகவே மச்சாள் முறைக்குரிய கேலியை அவள் என் அண்ணனைக் கட்டுவதற்கு முன்பே நான் தொடங்கிவிட்டேன். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுது கா. தொடையப் பத்தி மட்டும் எழுதிப்போடாத" என்றாள். தொடையை விட்டால் அவள் வாழ்க்கையில் எழுதுவதற்கு நெல்லும் சண்டையும்தான் மிஞ்சும். அதனால் மூன்றையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அண்ணனும் அப்படித்தான் ஒரு சைக்கிளும் ஒரு வானொலிப் பெட்டியும் கொண்டு போய்ச் சேர்ந்தார். இராசாத்தியின் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கிடக்கிறது. வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளியில் விதைப்பு முதல் அறுவடை வரை எல்லாம் அவள் பொறுப்பு. விடிந்ததும் ஸ்கூட்டியோடு தோணித்துறையில் நிற்பாள். வரம்பு வரம்பாக நடப்பாள். தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிப்பாள். அறுவடை இயந்திரக்காரன் அவளைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுதான் பேசுவான். அண்ணனோ பேசாத மனிதர். வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று கலியாணத்தன்றே முடிவெடுத்திருப்பார் போலும். வயலுக்குக் கூடவே போவார், மண்வெட்டி பிடிப்பார், சொன்னதைச் செய்வார், திரும்பி வருவார்.

இதற்கு மேல் அவளுக்குக் குடிப் பெருமை வேறு. குடி என்பது எங்கள் ஊர்களில் தாய்வழியாக வரும் வம்சம். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோவிலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை, யாருக்கு முதலில் பிரசாதம் என்பதெல்லாம் அதன்படிதான். அவள் குடிக்கு முதலில் கொடுப்பார்கள். எங்கள் குடியின் முறை வரும்போது பொங்கல் ஆறியிருக்கும். இதை அவள் எனக்கு வருஷா வருஷம் நினைவூட்டுவாள்.

மகள் கம்சாயினி பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். படுவான்கரைப் பையன் டிலக்சனுக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே அந்த இரண்டு பேரும் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்துவிட்டிருந்தார்கள் என்பது பெரியவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பையனின் தாய் அழகேஸ்வரி எதையும் இரண்டு தரம் விசாரிக்கிற மனுஷி. பெண் வீட்டுக் குடியை விசாரித்துத் திருப்தியாகி, ஊர் அம்மன் கோவிலின் வருஷச் சடங்கு முடிந்ததும் நாள் குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். "எங்கட குடியில பொம்பிளை எடுக்கிறதுக்கு அவவுக்குக் குடுத்து வைச்சிருக்க வேணும்" என்று இராசாத்தி என்னிடம் சொன்னாள். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சடங்குக்கென்று சுவிசிலிருந்து வந்து இறங்கினாள் அவளுடைய தங்கை பிரஷாந்தி. ஒரு பெட்டி நிறைய சொக்லேட்டும் இன்னொரு பெட்டி நிறைய முகத்துக்கும் காலுக்கும் பூசுகிற சாமான்களும் கொண்டுவந்தாள். வந்த மறுநாள் காலை அக்காவும் தங்கையும் குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நின்றார்கள். நான் தேங்காய் துருவி இரவல் வாங்கப் போயிருந்தேன். இராசாத்தி ஈரச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து வாளியை இழுத்தாள். பின்னால் இருந்த பிரஷாந்தி சவர்க்காரத்தைக் கையில் வைத்தபடி சொன்னாள்:

"அக்கா, உங்களுக்கும் செல்லுலைட் கிடக்கு."

"அது என்ன வருத்தம்?" என்றாள் இராசாத்தி. நோயைத்தான் நாங்கள் வருத்தம் என்போம்.

"தொடைக்குப் பின்னால தோல் குழி குழியாக் கிடக்கு. தோடம்பழத் தோல், ஒரேஞ்சுத் தோல் எண்டு சுவிசில சொல்லுவாங்க. எனக்கும் கிடக்கு. எவ்வளவு செலவழிச்சும் போகல்ல. அம்மாவுக்கும் இருந்தது. தாய்வழியால வாறது. கம்சாயினிக்கும் வரும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் சவர்க்காரம் போடத் தொடங்கினாள். இராசாத்தியின் கையிலிருந்த கயிறு வழுக்கி வாளி கிணற்றுக்குள் விழுந்தது. தன் தொடையின் பின்பக்கத்தை எந்த மனிதரால் பார்க்க முடியும்? அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை. கடைசியில் பிரஷாந்தி தன் தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். படத்தைப் பார்த்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். படத்தை அழிக்கச் சொன்னாள். அழித்த பிறகும் நம்பாமல் தொலைபேசியை வாங்கித் தேடினாள்.

"மச்சாள், அழகேஸ்வரி வாறதுக்கு முந்தி இத இல்லாமப் பண்ண வேணும்" என்றாள் என்னிடம்.

"அழகேஸ்வரி உன்ட தொடையப் பார்க்கவா வாறா?"

"தாய்வழியால வாற வருத்தம் கா இது. தாயைப் பார்த்துத்தானே மகளை எடுப்பாங்க. குடியையே விசாரிச்ச மனுஷி வருத்தத்த விசாரிக்காம விடுவாவா?"

அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் முறைக்கு ஊரையே எதிர்த்து நிற்கிறவள் உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். மகளின் கலியாணம் தன் காலால் கெட்டுவிடும் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அவளுக்குள் விழுந்த எண்ணத்தை எடுக்க ஆள் பிறந்து வரவேண்டும்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் பிரஷாந்தி கொண்டுவந்த கிறீம். பிறகு தோலைத் தேய்த்தால் இரத்த ஓட்டம் கூடும் என்று கேள்விப்பட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்ததில் தொடை சிவந்து இரண்டு நாள் உட்கார முடியவில்லை. அடுத்தது கோப்பித்தூள். கோப்பித்தூளையும் சீனியையும் எண்ணெயில் குழைத்துப் பூசினால் குழி மறையும் என்று யாரோ காணொளியில் சொன்னார்களாம். பூசியவள் சரியாகக் கழுவாமல் வட்டைக்குப் போய் வரம்பில் உட்கார்ந்திருக்கிறாள். வரம்பில் இருந்த செவ்வெறும்புகளுக்குச் சீனி கிடைத்தது அபூர்வம். அன்று அவள் வரம்பில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த கூலியாட்கள், அடுத்த வயல்காரனை அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து மண்வெட்டியோடு பின்னால் ஓடினார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தொடையைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் கொழுப்பு வேர்வையாக வெளியேறும் என்று அடுத்த காணொளி. வயலுக்கு வாங்கிய பசளை மூட்டைக்குள் இருக்கும் பொலித்தீனைக் கழுவி, வெட்டி, இரண்டு தொடையிலும் சுற்றி ஒட்டுநாடா போட்டு, மேலே பாவாடையும் சேலையும் கட்டிக்கொண்டு வைகாசி வெயிலில் வயலுக்குப் போனாள். நடக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று அண்ணன் கேட்கவில்லை. அவர் எதைத்தான் கேட்டிருக்கிறார். மதியத்துக்குள் இராசாத்தி தலை சுற்றி வரம்பில் சாய்ந்தாள். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்து, தோணி கடத்தி, ஆட்டோவில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோனோம். பெட்டியில் ஏற்றியதைக் கண்டவர்கள் நிறையப் பேர். அதுதான் பிறகு வினையாயிற்று.

டொக்டர் ரிப்கா ஏறாவூர் முஸ்லிம் பெண்பிள்ளை, வயது குறைவு, பொறுமை அதிகம். என்னையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் சோதித்தார். பொலித்தீனை வெட்டி எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கட உடம்பில தண்ணி குறைஞ்சு போயிற்று. அதான் தலை சுத்தினது. போனதெல்லாம் தண்ணிதான். கொழுப்பு ஒரு சொட்டும் போகல்ல."

இராசாத்தி குரலைத் தாழ்த்தித் தன் வருத்தத்தின் பெயரைச் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"பஞ்சு மெத்தைய நினைச்சுப் பாருங்க. இடைக்கிடை நூல் இழுத்துக் கட்டியிருப்பாங்கதானே. கட்டின இடம் குழியும், மத்த இடம் பிதுங்கும். தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்புத்தான் அந்தப் பஞ்சு. தோலையும் உள்ள இருக்கிற சதையையும் பிடிச்சு வைச்சிருக்கிற நார்தான் நூல். பொம்பிளைகளுக்கு அந்த நார் நேரா நிக்கும். ஆம்பிளைகளுக்குக் குறுக்கும் மறுக்குமாப் போகும். அதால எங்களுக்குத்தான் குழி நல்லா வெளிய தெரியும். வயசு போனாத் தோல் மெலியும், ஹோர்மோன் மாறும், இன்னும் தெரியும்."

"நான் நாள் முழுக்க வட்டையில நடக்கிறன் டொக்டர். இருந்து திங்கிற ஆளில்ல."

"நடந்தாலும் வரும். மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும். பத்துப் பொம்பிளையில எட்டு ஒம்பது பேருக்குக் கிடக்கும். இது வருத்தமே இல்ல."

"இல்லாமப் பண்ண ஏலாதா?"

"முழுசா ஏலாது. தொடைச் சதை இறுகினா மேல கொஞ்சம் சமமாத் தெரியும். கதிரையில இருந்து கை பிடிக்காம எழும்பி எழும்பி இருங்க, படி ஏறுங்க. நிறை கூடின ஆக்கள் மெல்ல மெல்லக் குறைச்சாலும் சில பேருக்குக் கொஞ்சம் குறையும். கிறீமும் கோப்பியும் தேய்க்கிறதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெளிநாட்டில லேசர், ஊசி எண்டு செய்யிறாங்க. அதுவும் கொஞ்சக் காலம் நிக்கும், மறுகா வரும்."

"தாய்வழியால வாறதாமே?"

"தாய்வழியாலயும் வரும், தகப்பன் வழியாலயும் வரும்."

இராசாத்தியின் காதில் முதல் பாதிதான் தங்கியது. "அப்ப இது எந்தக் குடியில இருந்து வந்தது டொக்டர்?" என்று கேட்டாள்.

இப்போதுதான் டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. "எங்கட ஆக்களிட்டயும் குடி இருக்கு அக்கா. எல்லாக் குடியிலயும் இது கிடக்கும்."

வெளியே வந்ததும் இராசாத்தி என் கையைப் பிடித்தாள். "டொக்டர் நல்ல புள்ள. ஆனா சின்னப் புள்ள. குடி விசயம் என்ன தெரியும்?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை ஆட்டோவில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

இந்த வருத்தம் தன் தாய் வீட்டோடு நின்றதா, குடி முழுவதும் போயிருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தாய் வீட்டோடு நின்றிருந்தால் அழகேஸ்வரியிடம் எப்படியாவது மறைக்கலாம், குடிக்கே உரியதென்றால் தப்பமுடியாது என்பது அவள் கணக்கு. சடங்குக்கு நெல் குத்துவதற்காகக் குடிப் பெண்கள் எல்லோரும் கோவிலில் கூடினார்கள். பின்பக்கம் கை கால் கழுவுவதற்குக் தென்னங்கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தது. இராசாத்தி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மறைப்புக்குள் கொண்டுபோனாள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாள் என்று தெரியாது. வட்டையில் ஆட்களை வேலை வாங்குகிற அதே குரலில்தான் சொல்லியிருப்பாள். போனவர்கள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவள் முகம் மட்டும் வரவரக் கறுத்துப்போயிற்று. ஓட்டப்போட்டியில் வெற்றி பெறுகிற விதுர்ஷா, ஈர்க்குப்போல இருக்கிற பிள்ளை, அவளுக்கும் லேசாகக் கிடக்கிறதாம்.

கடைசியில் என்னிடம் வந்தாள். "மச்சாள், நீ வேற குடி. உன்னில பார்த்தாச் சரியாத் தெரியும். வா."

"என்ட தொடைய வைச்சு நீ ஒண்டும் தெரியத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு நான் உலக்கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். காட்ட மறுப்பதிலிருந்து என் தொடை பளிங்குபோல இருக்கிறதென்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். என் தொடையைப் பற்றி இதற்கு மேல் இந்தக் கதையில் ஒன்றும் இல்லை.

கோவிலில் நடந்தது வெளியே வராமல் இருக்குமா? கதை தோணித்துறைக்கு வந்தபோது, அந்தக் குடிப் பெண்களின் காலில் குழி விழுகிறதாம் என்றிருந்தது. தோணி நடு வாவிக்குப் போவதற்குள் அது ஆறாத குழியாகிவிட்டது. அக்கரையில் இறங்கியதும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதைக் கண்டவர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் இராசாத்தியின் காலை வெட்டி எடுக்க நாள் குறித்தாயிற்று. அழகேஸ்வரியிடமிருந்து வார்த்தை வந்தது. நாள் குறிப்பது இருக்கட்டும், முதலில் ஒரு விஷயம் நேரில் பேசவேண்டும் என்று.

கம்சாயினி இரண்டு நாள் பாடசாலைக்குப் போகவில்லை. அவளுக்கும் கதை போயிருந்தது. "அம்மாக்கு உண்மையா என்ன மாமி?" என்று என்னிடம் வந்து அழுதாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. உள்ளது அப்படிப்பட்டதாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். அழகேஸ்வரி, அவள் புருஷன் சாமித்தம்பி, ஒரு வாழைக்குலை. குலையைக் கொண்டுவந்தவர்கள் அதை உள்ளே தராமல் வாசலிலேயே வைத்திருந்தார்கள். பேச்சு சரிவராவிட்டால் திருப்பிக் கொண்டுபோகிற எண்ணம் என்று எனக்கு விளங்கியது. அண்ணன் முன்னால் கதிரையில் இருந்தார். இராசாத்தி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். வெற்றிலைத் தட்டும் வைத்தாள். அழகேஸ்வரி இரண்டையும் தொடவில்லை. அடுப்படித் திரைக்குப் பின்னால் நானும் பிரஷாந்தியும் கம்சாயினியும் நின்றோம். கம்சாயினி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"நேரடியாக் கேக்கிறன், குறை நினைக்காதீங்க" என்றாள் அழகேஸ்வரி. "என்ட மகன் இந்த வீட்டுக்கு வந்து வாழப்போறவன். உங்களுக்கு ஏதோ வருத்தமாம், அது உங்கட குடியில பொம்பிளைகளுக்கு வழிவழியா வாறதாம். உண்மையா?"

இராசாத்தி வாயைத் திறந்தாள். "அது வந்து" என்றாள். மூடினாள். மறுபடி திறந்து, "அது அப்படிப் பெரிசா" என்றாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். இத்தனை வயதில் முதல் தடவையாக அவள் இன்னொருத்திக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். நான் வெளியே போய் ஏதாவது சொல்லிவிடலாம் என்று திரையில் கை வைத்தேன்.

அப்போது அண்ணன் தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் அவர் பேசப்போகிறார் என்பதற்கு அப்படி ஒரு அடையாளம் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"வருத்தம் ஒண்டுமில்ல" என்றார். "தொடைக்குப் பின்னால குழி குழியாக் கிடக்கு. அதைத்தான் இவ்வளவு நாளும் தேய்ச்சுக்கொண்டு திரியிறா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அப்படித்தான் கிடக்கு. நான் வேற தொடை கண்டதில்ல. எல்லாருக்கும் அப்படித்தான் எண்டு இருந்தன்."

சம்பந்தம் பேச வந்த இடத்தில், வெற்றிலைத் தட்டுக்கு முன்னால், தொடை என்ற சொல்லை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

சாமித்தம்பி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். நல்ல மனிதர், நியாயத்துக்குப் பயந்தவர்.

"ஓம்" என்றார். "எங்கட வீட்டிலயும் அப்படித்தான்."

அழகேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். தலைப்பை எடுத்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இந்த மனுசனோட ஒரு இடத்துக்கும் போக ஏலாது" என்றாள். பிறகு இராசாத்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். "இதுக்கா பிள்ளை இவ்வளவு பாடு பட்ட நீங்க? எனக்கு முதல் புள்ள பிறந்ததில இருந்து கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லாம எத்தினை எண்ணெய் பூசியிருப்பன் நான். இந்தத் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. வேற ஊத்தச் சொல்லுங்க."

வாழைக்குலை உள்ளே வந்தது. நாள் குறித்தார்கள். கம்சாயினி அறைக்குள் ஓடிப்போய் யாருக்குத் தொலைபேசி எடுத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர்களைத் துறைவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தோம். அண்ணன் மண்வெட்டியை எடுத்துப் பிடி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இராசாத்தி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவ்வளவு காலமும் தெரிஞ்சிருந்தும் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"சொல்ல என்ன கிடக்கு?" என்றார் அண்ணன். "நீ வடிவாத்தானே இருக்கிறாய்."

இராசாத்தி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எறும்பு கடித்தபோதும் தலை சுற்றி விழுந்தபோதும் அழாதவள். அண்ணன் பயந்துபோனார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன பிழையாகச் சொன்னேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பிழை ஒண்டுமில்ல அண்ணன்" என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க."

அண்ணன் இன்னொரு தரம் சொன்னார்.